ரயிலும் உண்டு, துறைமுகமும் உண்டு. சரக்கு வருவது லொறியில்!

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என வடக்குக்கு மூன்று கைத்தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வரப்போகும் தொழிற்சாலைகளின் சரக்கை எது சுமக்கும், அதற்கு இந்த மண்ணும் தண்ணீரும் என்ன விலை கொடுக்கும்?

வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறையில் முடிகிறது. நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் துறைமுகத்தின் அலைதடுப்பு. இன்னொரு பக்கம், 1990இல் உற்பத்தி நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் சிதைந்த கட்டடங்கள். அதையொட்டி, சுண்ணக்கல் தோண்டித் தோண்டி விட்டுப்போன பெரும் பள்ளங்கள். தண்டவாளம், கப்பல்துறை, தொழிற்சாலை, மூலப்பொருள் நான்கும் ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்துக்குள் கிடக்கின்றன.

அதே காங்கேசன்துறையில் இன்று ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால் சீமெந்து புத்தளத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வரும். பெரும்பாலும் வீதியால், டீசல் லொறியில்.

சீமெந்து மட்டும்தானா? விடியப்புறம் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமும் கஸ்தூரியார் வீதிப் பக்கமும் போய்ப் பார்த்தால் தெரியும். இரவிரவாக ஏ9 வீதியில் ஓடிவந்த லொறிகள் படங்கை அவிழ்த்துக்கொண்டு நிற்கும். பிஸ்கற் பெட்டி, பால்மா, பெயின்ற் வாளி, கூரைத் தகரம், பிளாஸ்ரிக் கதிரை என நாட்டாமைகள் தோளிலும் முதுகிலும் இறக்குவார்கள். பின்னர் கன்ரரும் பட்டாவும் லாண்ட்மாஸ்ரருமாக அவற்றைப் பிரித்து நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று கொண்டுபோகும்.

வந்த லொறி திரும்பிப் போகும்போது என்ன ஏற்றும்? வெங்காயக் காலமென்றால் வெங்காயம். இல்லாவிட்டால் வாழைக்குலை, மீன், பழைய இரும்பு, வெற்றுப் போத்தல். இவை எதுவும் சிக்காத நாட்களில் படங்கைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு வெறும் பெட்டியோடு ஆனையிறவைக் கடக்கும்.

காற்றுக்கு டீசல்

பத்துத் தொன் ஏற்றும் லொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் வந்து சேர 100 லீற்றர் டீசல். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். ஆகவே ஒரு வழிக்கு 270 கிலோ. வெறுமையாகத் திரும்பும்போது வண்டி சற்று இலகுவாக ஓடும் என்றாலும் 70 லீற்றருக்குக் குறைவாகப் போகாது. அந்த 70 லீற்றரில் ஒரு நெருப்புப்பெட்டிகூட இடம் மாறவில்லை.

ஆனால் அதற்குக் காசு கட்டுபவர் உண்டு. திரும்பும் ஓட்டத்தையும் மனதில் வைத்துத்தான் லொறிக்காரர் கூலி பேசுவார். அது மொத்த வியாபாரியின் விலையில் ஏறி, சில்லறைக் கடையில் ஏறி, கடைசியில் கரவெட்டியில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குபவரின் தலையில் விழுகிறது. யாழ்ப்பாணத்தில் பொருள் செய்பவருக்கு இது இரட்டை அடி. மூலப்பொருள் வரும்போது ஒரு தரம், செய்த பொருள் தெற்குக்குப் போகும்போது இன்னொரு தரம்.

இங்கே ஒரு விசித்திரமும் இருக்கிறது. பாதி வெறுமையான லொறிகள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்துச் சிறு தொழிற்சாலைக்காரர் தன் அரை லொறிச் சரக்கைக் கொழும்புக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருப்பார். போர்க்காலத்தில் அழிந்து, இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையை நினைத்துப் பாருங்கள். அங்கே இயங்குபவை சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தன் பொருளைத் தன் வண்டியில், தன் நாளில் அனுப்புவது வழக்கம். நான்கு நிறுவனங்களின் சரக்கு ஒரே நாளில் ஒரே லொறியில் ஏறினால் மூன்று ஓட்டம் மிச்சம். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஒரு பொதுக் களஞ்சியம், ஒரு தொலைபேசி, ஒருவரை ஒருவர் நம்பும் மனம் இருந்தால் போதும். மூன்றாவதுதான் கடினம், தன் வாடிக்கையாளர் யார் என்பதைப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் அறிந்துவிடுவார் என்ற பயம் எந்த வியாபாரிக்கும் இருக்கும்.

> பெட்டிச் செய்தி 1: பத்துத் தொன், 400 கிலோமீற்றர்
>
> ஐரோப்பிய இரசாயனத் துறைச் சரக்குப் போக்குவரத்துக்கென வெளியிடப்பட்ட வழிகாட்டியின் சராசரிகள்: ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக வீதியில் 62 கிராம், ரயிலில் 22 கிராம், குறுந்தூரக் கப்பலில் 16 கிராம் காபனீரொட்சைட்டு.
>
> அதன்படி பத்துத் தொன் சரக்கு 400 கிலோமீற்றர் போனால்:
> வீதியில் 248 கிலோ
> ரயிலில் 88 கிலோ
> கப்பலில் 64 கிலோ
>
> நம் வீதிகளில் ஓடும் பழைய லொறிகளுக்கு முதற்கணக்கு இன்னும் கூடும். 2020 மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் வயதான வண்டிகளே நெடுங்காலம் ஓடவேண்டியிருந்தது.

கிணற்றில் மிதந்த எண்ணெய்

சரக்குப் போக்குவரத்தின் புகையைப் பற்றிப் பேசும்போது உலகம் வானத்தைப் பார்க்கிறது. யாழ்ப்பாணம் கீழேயும் பார்க்க வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடியில் தேங்கும் நீரே குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிடைப்பது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு நீர்ப்படுகைகள். சுண்ணக்கல் நீரை வேகமாக உள்ளே விடும். நீரோடு எது வந்தாலும் அதையும் அதே வேகத்தில் விடும். மண் வடிகட்டிக் கொடுக்க அங்கே போதிய ஆழம் இல்லை.

சுன்னாகம் இதை அனுபவித்த ஊர். எண்ணெயில் இயங்கிய மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள், வீதிக்கு இறங்கினார்கள், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4இல் வந்த தீர்ப்பு, நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. பணம் வரும், கிணறு பழையபடி வர எத்தனை மாரி வேண்டும்?

அது ஒரு பெரிய நிலையம், அதனால் பெயர் வெளியே வந்தது. லொறி கராஜ்களிலும் சேர்விஸ் நிலையங்களிலும் மாற்றும் கழிவு எண்ணெய், எரிபொருள் பவுசரிலிருந்து சிந்துவது, வண்டி கழுவும் நீர் எல்லாம் சிறு சிறு அளவில், வழக்குக்கு அகப்படாமல் நிலத்துக்குள் போகின்றன. ஒரு கைத்தொழில் வலயம் வந்தால் அதன் வாசலில் நாளாந்தம் பாரவூர்திகள் நிற்கும். அவை நிற்கும் தரைக்குச் சீமெந்துத் தளமும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் உண்டா, கழிவு எண்ணெயைக் கணக்கு வைத்துத் திருப்பி எடுப்பவர் யார் என்பதெல்லாம் வேறு ஊரில் சின்ன விஷயமாக இருக்கலாம். வலிகாமம் வடக்கில் அது குடிநீர் விஷயம். மேலே கடல், நடுவே பழைய அகழிகள், கீழே சுண்ணக்கல்: இதைவிட மெல்லிய நிலத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பாய்க்கப்பல் முதல் பொருளாதாரத் தடை வரை

பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர் வரை பாய்க்கப்பலில் போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தைப் பாய் விரித்தே சென்றடைந்தது. ரயில் வந்தபின் சுருட்டுச் சிப்பங்கள் தெற்கே நகர்ந்தன. தீவு முழுக்க யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடைகள் முளைத்தன.

1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, சுண்ணக்கல்லைக் காலடியில் தோண்டியது. களிமண்ணை மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் எடுத்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மூலப்பொருளாக நம்பி, ரயில் பாதைக்குப் பக்கத்தில் அமைந்தது. சூழலுக்கு நல்லது என்று நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. தூரம் குறைந்தால் செலவு குறையும் என்ற பழைய வியாபாரப் புத்திதான்.

1990 ஜூனில் ரயில் நின்றது, தொழிற்சாலை மூடியது, பொருளாதாரத் தடை வந்தது. சீமெந்தும் பற்றரியும் எரிபொருளும் தடைப்பட்ட பொருள்களாயின. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. விறகு, நெல், தேங்காய், ஏன் நோயாளிகூடச் சைக்கிளில் போனார்கள். குறைந்த எரிபொருளில் ஒரு சமூகம் எவ்வளவு நகர முடியும் என்பதற்கு அதைவிடக் கடுமையான பரிசோதனை இருந்திருக்காது. அதை யாரும் விரும்பி ஏற்கவில்லை. ஆகவே அதைப் ‘பசுமை வாழ்வு’ என்று மெச்சிக்கொள்வது அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏ9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்ரில் மூடி, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. அன்று முதல் சரக்கென்றால் லொறி என்று ஆகிவிட்டது.

வரிசையில் நின்ற ஆண்டு

அந்தப் பழக்கத்தின் விலை 2022இல் தெரிந்தது. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களில் லொறிகள் நாட்கணக்காக வரிசையில் கிடந்தன. மீன்பிடி வள்ளங்கள் கரையில் இழுத்துக் கிடந்தன. பின்னர் ‘கியூஆர்’ குறியீட்டோடு பங்கீடு வந்தது.

கொழும்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சந்தை என்பதால் குடாநாட்டுக்கு அடி அதிகம். தேயிலைத் தொழிற்சாலைக்கோ கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்கோ துறைமுகம் சில மணித்தியாலத் தூரம். யாழ்ப்பாணத் தொழிற்சாலைக்கு அது ஓர் இரவு. டீசல் விலை ஏறும் ஒவ்வொரு ரூபாவும் இங்கே கூடுதல் கிலோமீற்றர்களால் பெருகுகிறது. சூழல் நேயச் சரக்கு ஏற்பாடு என்றால் பணக்கார நாடுகளின் சோக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தூரத்தைக் குறைப்பதற்குக் கண்முன் ஓர் உதாரணம் ஆனையிறவு. நெடுங்காலமாக அங்கு விளைந்த உப்பு பெரும்பாலும் பதப்படுத்தாத உப்பாகவே வெளியே போனது. 2025 மார்ச் 29இல் அங்கேயே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயர் வைத்ததால் எழுந்த சர்ச்சையே பத்திரிகைகளை நிறைத்தது. அந்தச் சண்டை நியாயமானதுதான். ஆனால் விளையும் இடத்திலேயே பதப்படுத்திப் பொதி செய்தால் எத்தனை லொறி ஓட்டம் குறையும் என்பதையும் அதே மூச்சில் பேசியிருக்கலாம்.

குட்டானும் ரெஜிபோமும்

பொதியும் சரக்கு ஏற்பாட்டில் பாதி. இதில் யாழ்ப்பாணத்திடம் உலகத்துக்குச் சொல்ல ஒரு பொருள் இருக்கிறது.

சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை வடித்து, பெரிய தாச்சியில் காய்ச்சுவார்கள். பொங்கி, வற்றி, பாணியாகி, இன்னும் இறுகும் பதத்தில் அகப்பையால் அள்ளிக் குட்டானில் வார்ப்பார்கள். குட்டான் என்பது பனையோலைச் சார்வை விரல்நுனியால் மடித்துப் பின்னிய சின்னக் கிண்ணம். பனங்கட்டி அதற்குள்ளேயே இறுகும். அச்சும் அதுதான், உறையும் அதுதான், கடைக்குப் போகும் பொதியும் அதுதான். தின்றபின் அடுப்பில் போடலாம், மாட்டுக்குப் போடலாம், குப்பையில் எறிந்தாலும் மண்ணாகிவிடும். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இயங்குகிறது. கைதடியில் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படியிருந்தும் கடைகளில் இன்று பனங்கட்டி பொலித்தீன் பைக்குள் இருப்பதைக் காணலாம். சில இடங்களில் குட்டானோடு சேர்த்தே பொலித்தீனில் போடுகிறார்கள், அது வேறு கூத்து.

மறுமுனையில் மீன். குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறைக் கரைகளில் பிடிபடும் நல்ல மீனும் நண்டும் ஐஸோடு ரெஜிபோம் பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புக்கு ஓடுகின்றன. பெட்டியின் வாழ்நாள் சில பயணங்கள். உடைந்தால் உருண்டை உருண்டையாகக் கரையிலும் கானிலும் கிடக்கும். கனமான, மூடியுள்ள பிளாஸ்ரிக் குளிர்பெட்டி விலை கூடியது. ஆனால் கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பாவிக்கலாம். திரும்பும் வண்டியில் வெற்றுப் பெட்டியை ஏற்றிவர ஆள் வேண்டும், கணக்கு வேண்டும். வெற்றுச் சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

மரக்கறியில் இதே போராட்டம் நாடு முழுக்க நடந்தது. சாக்கில் அடைத்து அமுக்கி ஏற்றும் தக்காளியும் கத்தரியும் தம்புள்ளையைத் தாண்டுமுன் நசிந்துவிடும் என்பதால், பிளாஸ்ரிக் கூடைகளைக் கட்டாயமாக்க 2011 கடைசியில் அரசு முயன்றது. கூடை இடத்தை அடைக்கிறது, லொறியில் குறைவாகத்தான் ஏற்றலாம், யார் காசு கட்டுவது என்று எதிர்ப்பு எழுந்தது. நசிந்த தக்காளியும் டீசல் எரித்துத்தான் வந்தது என்பதை அந்த விவாதத்தில் யாரும் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை.

ரயில் வந்தது, சரக்கு ஏறவில்லை

இந்தியக் கடனில், இர்கொன் நிறுவனம் மீளமைத்த பாதையில் 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் ரயில் மீண்டது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி திரும்பி வந்தபோது ஊர் கூடி நின்று பார்த்தது. பயணிகள் திரும்பினார்கள். சரக்கு அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

காரணத்தைத் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. லொறி கொழும்புக் களஞ்சியத்தின் வாசலில் ஏற்றி யாழ்ப்பாணக் கடையின் வாசலில் இறக்கும். ரயிலென்றால் களஞ்சியத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு வண்டி, ஏற்ற ஒரு கூலி, இறக்க ஒரு கூலி, நிலையத்திலிருந்து கடைக்கு இன்னொரு வண்டி. நான்கு கை மாறும்போது உடைவது, காணாமற் போவது, நனைவது என்று வேறு தொல்லைகள். ஒரே நாளில் சேரும் என்ற உறுதியும் வேண்டும். அநுராதபுரம் – வவுனியாப் பகுதி 2023 ஜனவரியிலும், மாஹோ – அநுராதபுரம் பகுதி 2024 ஜனவரியிலும் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் மூடப்பட்டன. திருத்தம் தேவையானதுதான். ஆனால் அந்த மாதங்களில் சரக்கை லொறிக்கு மாற்றிய வியாபாரியைத் திரும்ப அழைப்பது இலேசல்ல. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்தது மேலும் ஓர் இடி.

அப்படியென்றால் ரயில் சரக்குக்கு ஆகாதா? புத்தளத்தைப் பாருங்கள். அறுவாக்காட்டில் வெட்டும் சுண்ணக்கல் தனிப் பாதையில் ரயிலில் சீமெந்துத் தொழிற்சாலைக்குள்ளேயே போகிறது. இந்தியாவில் மாருதி சுசுகி நிறுவனம் குஜராத் ஹன்சல்பூர்த் தொழிற்சாலைக்குள் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது 2024 மார்ச்சில். கார்கள் தொழிற்சாலை வளவிலேயே ரயிலேறுகின்றன. இரண்டிலும் இரகசியம் ஒன்றுதான். தண்டவாளம் தொழிற்சாலையின் மதிலுக்குள் இருக்கிறது. கை மாறும் இடங்கள் நான்கிலிருந்து ஒன்றோ இரண்டோ ஆகின்றன.

காங்கேசன்துறையில் அந்த மதிலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் சில நூறு மீற்றர்களே கிடக்கின்றன.

கடல் எவ்வளவு பசுமை?

கப்பலைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல் நேரே மேற்குக் கரையால் வர முடியாது. மன்னார் மணல்திட்டுகளும் ஆழமற்ற பாக்கு நீரிணையும் வழியை மறிக்கின்றன. தெற்கே காலி சுற்றி, கிழக்கே திருகோணமலை கடந்து வரவேண்டும். அந்தச் சுற்றில் கப்பலின் சிக்கனம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

திருகோணமலையிலிருந்து என்றால் கதை வேறு. அங்கே துறைமுகக் கரையிலேயே சீமெந்துத் தொழிற்சாலையும் மா ஆலையும் இருக்கின்றன. குடாநாடு நாள்தோறும் கொள்ளும் இரண்டு பாரமான பொருள்கள். ஏ9 மூடியிருந்த ஆண்டுகளில் குடாநாட்டின் உணவும் மருந்தும் திருகோணமலையிலிருந்து கப்பலில்தான் வந்தன. அன்று வேறு வழியில்லாமல் வந்த பாதை இன்று விரும்பி எடுக்கக்கூடிய பாதை. நாகபட்டினம் இன்னும் கிட்ட. 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ரில் மீண்டும் ஓடத்தொடங்கிய பயணிகள் கப்பல் சில மணித்தியாலத்தில் கடக்கிறது.

கப்பலென்றால் தீங்கில்லை என்றும் நினைக்கக்கூடாது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் கரை நெடுக ஒதுங்கியதை மறக்க முடியுமா? காங்கேசன்துறையை ஆழப்படுத்தினால் மண் எங்கே கொட்டப்படும், மயிலிட்டி மீனவரின் வலைக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் வேலை தொடங்குமுன் கேட்கவேண்டியவை.

நோர்வேக்கும் காரைநகருக்கும் பழைய உறவு உண்டு. 1960களில் சீநோர் படகுத்தளம் அந்த நாட்டின் உதவியோடு வந்தது. அதே நோர்வேயில் ‘யாரா பிர்க்லண்ட்’ என்ற மின்கலக் கப்பல் 2022 முதல் உரத் தொழிற்சாலையிலிருந்து பக்கத்துத் துறைமுகத்துக்குக் கொள்கலன்களைக் கொண்டுபோகிறது. ஆண்டுக்கு 40,000 லொறி ஓட்டங்களைக் குறைப்பது அதன் நோக்கம். பிரான்சின் ‘கனோப்பே’ என்ற கப்பல் ராக்கெற் பாகங்களை அத்திலாந்திக் கடந்து பாய் உதவியோடு சுமக்கிறது. பாய்மரத்தை வல்வெட்டித்துறைக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

> பெட்டிச் செய்தி 2: காங்கேசன்துறைத் துறைமுகம்
>
> போர் முடிந்தபின் இந்திய உதவியோடு துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பற் சிதைவுகள் அகற்றப்பட்டன.
>
> புனரமைப்புக்கு 2018இல் ஒப்புக்கொண்ட இந்தியக் கடன்: 4 கோடி 52 இலட்சம் டொலர்.
>
> 2024இல் கடன், நன்கொடையாக மாறியது: 6 கோடி 15 இலட்சம் டொலர்.

வாங்குபவர் கேட்கும் கணக்கு

இதுவரை சொன்னவை வீட்டுக் காரணங்கள். வெளியிலிருந்தும் நெருக்குதல் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் வரி 2023 ஒக்ரோபரில் கணக்குக் கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்திருக்கிறது. சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம் முதலியவை அதற்குள். ஆடைகளும் கடலுணவும் இன்னும் இல்லை. ஆனால் பெரிய ஆடை நிறுவனங்களும் பேரங்காடிகளும் தமக்குப் பொருள் அனுப்புபவரிடம், செய்யும்போது எவ்வளவு எரித்தீர்கள், கொண்டுவரும்போது எவ்வளவு எரித்தீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டன.

நண்டு ஏற்றுமதி செய்பவரோ, பனங்கள் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புபவரோ நாளை இந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டி வரும். விடை சொல்ல ஒரு கொப்பி போதும். ஓடிய கிலோமீற்றர், ஊற்றிய டீசல், ஏற்றிய தொன் என்று மூன்று நிரல் போட்டு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதி வந்தால் சில மாதத்தில் எந்தப் பாதை வீண், எந்த வண்டி குடிக்கிறது, எந்த நாள் பாதிப் பாரத்தோடு போனது என்பது தானே தெரியும். ஆலோசகருக்குக் காசு கொடுக்குமுன் இதைச் செய்யலாம்.

நண்பகலில் மிச்சமான மின்சாரம்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கை மின்சார சபை ஒரு விநோதமான வேண்டுகோள் விடுத்தது: கூரைச் சூரியப் படலங்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள். தேவை குறைந்து உற்பத்தி கூடியதால் வந்த சிக்கல். பளைப் பக்கம் காற்றாலைகள் 2014 முதல் சுழல்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரியன், மின்கலம் கலந்த திட்டம் இந்திய நன்கொடையில் வருகிறது. டீசலால் மின்சாரம் எடுக்கும் தீவுகளுக்கு அந்த டீசலையே வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோகும் அவலம் அதனால் குறையும்.

400 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு மின்சார லொறி இப்போதைக்கு எட்டாக் கனி. ஆனால் யாழ்ப்பாண நிலையத்திலிருந்து நெல்லியடிக்கும் சாவகச்சேரிக்கும் ஓடும் பட்டாவும் முச்சக்கர வண்டியும் ஒரு நாளில் ஓடும் தூரம் கொஞ்சம், நிலம் தட்டை, ஏற்றமே கிடையாது. களஞ்சியக் கூரையில் படலம் போட்டு, மதியம் இறக்கி ஏற்றும் நேரத்தில் வண்டிக்கு மின்னேற்றினால், நிறுத்தச் சொல்லும் மின்சாரத்துக்கு வேலை கிடைக்கும். குடாநாடு முழுவதிலும் மின்சார வண்டிக்கு முதலில் பொருந்தும் இடம் இந்தக் கடைசித் தூரம்தான்.

வரைபடம் முடியுமுன்

வலயம் என்றதும் முதலீட்டாளர், வரிச் சலுகை, வேலைவாய்ப்பு என்று பேச்சு ஓடும். வலிகாமம் வடக்கில் அதற்கு முன்னால் வரவேண்டிய பேச்சு காணி. 1990இல் இடம்பெயர்ந்தவர்களில் இன்னும் தம் வளவுக்குத் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் காணிக்கு மேல் எந்தப் பசுமைத் திட்டமும் நியாயமாகாது. அது தீர்ந்தபின் எழும் முதற்கேள்வி சரக்கு எந்த வழியால் போகும் என்பதே. தொழிற்சாலைகள் கட்டி முடிந்தபின் அவற்றின் நடுவே தண்டவாளம் போட முடியாது. வீதியை மட்டும் நம்பிக் கட்டிய வலயம் முப்பது ஆண்டுகளுக்கு வீதியிலேயே கிடக்கும். அந்த லொறிகள் மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், கொக்குவில் என்று பள்ளிக்கூடங்களும் சந்தைகளும் நெருங்கிய வீதியால்தான் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கு இறங்கவேண்டும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிரதேச சபை உறுப்பினரையோ நாடாளுமன்ற உறுப்பினரையோ அடுத்த கூட்டத்தில் கண்டால், காங்கேசன்துறை வலயத்தின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ரயில் பக்கப்பாதை எங்கே, துறைமுகத்திலிருந்து வரும் வழி எங்கே, லொறிகள் நிற்கும் இடத்தின் எண்ணெய் எங்கே வடிகிறது என்று மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வரைபடம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.